பள்ளிக்கு ஒரு கவுன்சலர் வந்துவிட்டால் போதுமா?

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கையைக் கீறிக்கொண்டது தெரியவந்து, பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் எல்லோரும் பதறிப்போய், ஒரு கவுன்சலரை வேலைக்கு எடுப்பது, வருடத்துக்கு ஒருமுறை மனநல விழிப்புணர்வு நாள் நடத்துவது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். இது போதுமா, பெற்றோர் தரப்பில் வேறென்ன கேட்க வேண்டும், வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், உங்கள் அக்கா மகள் மூன்று வாரமாகப் பள்ளிக்கே போகவில்லை என்பதையும் சேர்த்திருக்கிறீர்கள். அதை மறக்கவில்லை, முடிவில் அதற்கு வருகிறேன்.

கவுன்சலர் கட்டாயம் வேண்டும். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பள்ளிகளிலும் குடும்பங்களோடும் இத்தனை வருடம் வேலை செய்ததில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான்: பிள்ளையிடம் ஏதோ சரியில்லை என்பதை யாராவது ஒருவர் சீக்கிரமே கவனித்துவிடுகிறார். அடுத்து என்ன செய்வது, யாரிடம் சொல்வது என்றுதான் அவருக்குத் தெரிவதில்லை. மாதக்கணக்கில் காலம் வீணாவது அந்த இடத்தில். அதை அடைக்காமல் ஒரு கவுன்சலரை மட்டும் கொண்டுவந்தால், அவர் அறைக்குள் காத்திருப்பார். உதவி தேவைப்படும் பிள்ளை வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். 13 வயது. கணக்கு பீரியட் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தினமும் பாத்ரூம் போக அனுமதி கேட்பான். வகுப்புக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று கணக்கு ஆசிரியர் நினைத்தார். கால்பந்து டீமில் இருந்து அவனாகவே விலகிக்கொண்டதை பி.டி. மாஸ்டர் கவனித்திருந்தார். முன்சீட்டில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டு வருகிறவன் இப்போதெல்லாம் கடைசி சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வருகிறான் என்று வேன் டிரைவருக்குத் தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கும் அவன் அறையில் விளக்கு எரிவதைப் பாட்டி பார்த்திருக்கிறார். "நான் இல்லேன்னா யாராவது தேடுவாங்களாடா?" என்று அவன் கேட்டதை நண்பன் ஒருவன் மனதிலேயே வைத்துக்கொண்டு பயந்துபோயிருந்தான்.

ஐந்து பேர் கையில் ஐந்து துண்டுகள். ஐந்து பேருமே அவன்மேல் அக்கறை உள்ளவர்கள். டிரைவருக்கு, இதையெல்லாம் சொல்ல நாம் யார் என்ற தயக்கம். சொன்னால் பேரனுக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்று பாட்டிக்குப் பயம். நண்பனுக்கோ, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கொடுத்த சத்தியம். அவன் என்னிடம் வந்து சேர நாலு மாதம் ஆனது. வந்தபோது அவன் சொன்னதில் ஒன்று இன்னும் மனதில் நிற்கிறது: "பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு, வாளி நிறையற வரைக்கும் எண்ணுவேன் மிஸ். நிறைஞ்சதும் கொஞ்சம் மூச்சு வரும். அப்புறம் கிளாசுக்குப் போயிடுவேன்." பதற்றம் உச்சத்துக்குப் போகும்போது தன்னை அடக்கிக்கொள்ள அந்தப் பிள்ளை தானே கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. பள்ளிப் பதிவேட்டில் அது ஒழுங்கீனம் என்று ஏறியிருந்தது.

இப்படிப் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற சந்தேகம் உங்கள் கூட்டத்தில் வந்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏறக்குறைய 7 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது. 40 பேர் உள்ள வகுப்பில் ஐந்தாறு பேர். வாழ்நாளில் எப்போதாவது மனநோய்க்கு ஆளாகிறவர்களில் பாதிப் பேருக்கு அது 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகிறது என்று அமெரிக்காவில் ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. அந்த வயதில் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருப்பதில்லை, பள்ளியில் இருக்கிறது. ஒரு பிள்ளையை வாரத்தில் ஐந்தாறு நாள், வருடக்கணக்கில், ஒரே கண்கள் பார்க்கிற இடம் வீட்டை விட்டால் பள்ளிதான்.

சரி, பள்ளியில் என்ன செய்தால் பலன் கிடைக்கிறது? இதில் நம் ஊகத்தைவிட நம்பகமான பதில்கள் இருக்கின்றன. சில பதில்கள் எனக்கே சங்கடமாக இருந்தன.

பிஹாரின் நாளந்தா மாவட்டத்தில் 70-க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 'செஹர்' என்ற திட்டத்தை நடத்திப் பார்த்தார்கள். ஒரு பகுதிப் பள்ளிகளில், உளவியல் பட்டம் எதுவும் இல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற ஒருவரை முழுநேரமாக வைத்தார்கள். இன்னொரு பகுதியில் அதே வேலையை அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரே கூடுதலாகச் செய்தார். மூன்றாவது பகுதியில் வழக்கமான பாடத்திட்டம் மட்டும். கவுன்சலிங் மட்டுமே திட்டமில்லை. பிள்ளைகள் பெயர் போடாமல் எழுதிப்போடும் பெட்டி, சுவர்ப் பத்திரிகை, வகுப்பில் கலந்துரையாடல், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேச்சு என்று பள்ளி முழுவதையும் தொடும் வேலைகள் இருந்தன. 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவுகள் வந்தன. தனி ஆள் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் நன்றாகவே மாறியிருந்தது. மனச்சோர்வு, சக மாணவர்களைத் துன்புறுத்துவது, வன்முறை எல்லாம் குறைந்திருந்தன. ஆசிரியரே செய்த பள்ளிகளில் குறிப்பிட்டுச் சொல்லும்படி எந்த மாற்றமும் இல்லை.

ஆசிரியர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. மதிப்பெண் போடுகிறவரும், தண்டிக்கிறவரும், அப்பாவுக்குப் போன் செய்கிறவரும் அவரே என்றால், அவரிடமே போய் "எனக்கு வாழப் பிடிக்கவில்லை" என்று ஒரு பிள்ளை எப்படிச் சொல்லும்? தவிர, அவருக்கு நேரம் எங்கே இருக்கிறது? ஆகவே உங்கள் நிர்வாகம் செலவைக் குறைக்க "இருக்கிற டீச்சர் ஒருவருக்கே மூன்று நாள் பயிற்சி கொடுத்துக் கவுன்சலர் ஆக்கிவிடலாம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெரிய பட்டம் பெற்றவர் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்த வேலைக்கென்றே ஒருவர் இருக்க வேண்டும், அவரை வழிநடத்த வெளியே அனுபவமுள்ள ஒரு நிபுணர் இருக்க வேண்டும்.

இன்னொரு ஆய்வு 10 ஐரோப்பிய நாடுகளில், 168 பள்ளிகளில், 11,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்தது; 2015-இல் வெளியானது. தற்கொலை முயற்சியைத் தடுக்க மூன்று வழிகளைச் சோதித்தார்கள். ஆசிரியர்களுக்கு அறிகுறிகளைக் கண்டறியப் பயிற்சி கொடுப்பது ஒன்று. மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து ஆபத்தில் உள்ளவர்களைப் பிரித்தெடுத்து நிபுணர்களிடம் அனுப்புவது இரண்டாவது. மூன்றாவது, நாலு வாரத்தில் மொத்தம் ஐந்து மணி நேரம் மாணவர்களோடு நேரடியாக வேலை செய்வது: மன அழுத்தம், நண்பனின் நெருக்கடி போன்ற சூழ்நிலைகளை அவர்களே நடித்துப் பார்த்து, பேசிப் பார்ப்பது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், மூன்றாவது வழியில் போன மாணவர்களிடம் புதிய தற்கொலை முயற்சிகளும் தீவிரமான தற்கொலை எண்ணங்களும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. முதல் இரண்டு வழிகளும் தெளிவான பலன் தரவில்லை.

எனக்கு இதில் புரிந்தது, ஒரு பிள்ளையின் துயரம் முதலில் போய்ச் சேரும் இடம் இன்னொரு பிள்ளை என்பது. நான் சொன்ன பையனின் நண்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். "சத்தியம் செய்திருந்தாலும் உயிர் விஷயத்தில் பெரியவர் ஒருவரிடம் சொல்லலாம், சொன்னால் அது காட்டிக்கொடுப்பது ஆகாது" என்று யாராவது முன்பே அவனோடு பேசியிருந்தால், அவன் அத்தனை நாள் அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்திருக்க மாட்டான்.

எல்லாப் பாடத்திட்டமும் பலன் தருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 11 முதல் 14 வயது வரையிலான 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு 'மைண்ட்ஃபுல்னெஸ்' எனப்படும் மனக்கவனப் பயிற்சியை ஆசிரியர்கள் வழியாகக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவுகள் 2022-இல் வந்தன. பள்ளிகளில் வழக்கமாக நடக்கும் பாடங்களைவிட அது மாணவர்களின் மனநலத்துக்குக் கூடுதல் பலன் எதுவும் தரவில்லை. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, மணி அடித்ததும் அதே கேலியும் அதே அவமானமும் காத்திருக்கும் வராண்டாவுக்கு ஒரு பிள்ளையை அனுப்பினால் என்ன பயன்? விழிப்புணர்வு நாளைப் பற்றியும் என் கருத்து இதுதான். நடத்துங்கள். ஆனால் மீதி நாட்களில் பள்ளி எப்படி நடக்கிறது என்பதைத் தொடாமல், அந்த ஒரு நாள் எதையும் மாற்றாது. பின்லாந்தில் துர்கு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா சல்மிவள்ளி, பள்ளிகளில் கேலியையும் துன்புறுத்தலையும் தடுக்க உருவாக்கிய 'கிவா' திட்டம் துன்புறுத்துகிற பிள்ளையையும் துன்பப்படுகிற பிள்ளையையும் மட்டும் பார்ப்பதில்லை. சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிற, சிரிக்கிற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை மாற்றப் பார்க்கிறது. சிரிப்பு நின்றால் கேலி செய்கிறவருக்கு மேடை போய்விடும்.

இனி கவுன்சலர் பற்றி நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை. முதலில் அறை எங்கே என்று பாருங்கள். ஒரு பள்ளியில் எனக்குத் தலைமை ஆசிரியர் அறைக்கு அடுத்த அறையைக் கொடுத்து, வாசலில் 'மாணவர் ஆலோசனை அறை' என்று பெரிய போர்டு மாட்டினார்கள். இரண்டு மாதத்தில் தானாக வந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்களை எல்லாம் ஆசிரியர்கள் அனுப்பினார்கள், அதுவும் வகுப்பு நடுவில் எழுப்பி, "நீ போய் கவுன்சலரைப் பார்" என்று. பிறகு நூலகத்தின் பின்பக்கம் இருந்த ஸ்டோர் ரூமைக் காலி செய்து கொடுக்கச் சொல்லிக் கெஞ்சி வாங்கினேன். போர்டு வேண்டாம் என்றேன். புத்தகம் எடுக்கிற சாக்கில் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். ஒரு பிள்ளை யாருக்கும் பதில் சொல்லாமல் போய்வர முடிகிற இடமாக அந்த அறை இருக்க வேண்டும்.

இரண்டாவது, ரகசியம். கவுன்சலரிடம் சொன்னது ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விடும் என்று ஒரே ஒரு முறை பிள்ளைகளுக்குத் தெரிந்தால் போதும், அந்தப் பள்ளியில் அதன்பிறகு எத்தனை கவுன்சலர் வந்தாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதே நேரம் எல்லாவற்றையும் ரகசியமாக வைக்கவும் முடியாது. நான் ஒவ்வொரு பிள்ளையிடமும் முதல் நாளே சொல்லிவிடுவேன்: "நீ சொல்றது நம்மளுக்குள்ளதான். ஆனா உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சாலோ, உன்னை யாராவது அடிக்கிறாங்க, தப்பா தொடுறாங்கன்னு தெரிஞ்சாலோ நான் சும்மா இருக்க மாட்டேன். யார்கிட்ட சொல்லப்போறேன்னு முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இந்த விதி எழுத்தில் இருக்க வேண்டும், பெற்றோருக்கும் அதன் நகல் வர வேண்டும். நம் பிள்ளை கவுன்சலரிடம் என்ன பேசியது என்று தெரிந்துகொள்ள மனது துடிக்கும். நானும் ஒரு தாய், எனக்கும் துடித்திருக்கிறது. கேட்காமல் இருப்பதுதான் பிள்ளைக்கு நாம் செய்யும் உதவி.

மூன்றாவது, ஒரே ஒரு பக்கத்தில் ஒரு காகிதம். கவலைப்படும்படி ஒன்றைக் கவனித்தவர், அவர் டிரைவரோ ஆயாவோ நண்பனோ யாராக இருந்தாலும், யாரிடம் சொல்ல வேண்டும். அவர் எத்தனை நாளுக்குள் பிள்ளையைப் பார்த்துப் பேச வேண்டும். பெற்றோரிடம் யார் பேசுவது. பள்ளியால் முடியாதபோது எந்த மருத்துவமனை, அங்கே எந்த மருத்துவர், எந்தக் கிழமையில் பார்ப்பார். போய்விட்டு வந்த பிறகு வகுப்பில் யார் அந்தப் பிள்ளையைக் கவனித்துக்கொள்வது. இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலான பள்ளிகளில் பதில் இருக்காது. மருத்துவரிடம் அனுப்பியதோடு கடமை முடிந்ததாக விட்டுவிடுகிறார்கள்; பிள்ளை மாத்திரையின் தூக்கக் கலக்கத்தோடு முதல் பீரியடில் உட்கார்ந்து திட்டு வாங்கும்.

ஆசிரியர்களிடம் இதற்கு மேல் பெரிதாக எதுவும் எதிர்பார்க்காதீர்கள். நோய்க்குப் பெயர் வைப்பது அவர்கள் வேலையல்ல. "ரெண்டு வாரமா நீ வேற மாதிரி இருக்கே. நான் கவனிச்சேன். இப்ப பேசணும்னு இல்ல, எப்ப வேணாலும் வா." இவ்வளவுதான். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, தாழ்ந்த குரலில். மாற்றம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அந்தக் காகிதத்தில் உள்ளபடி சொல்ல வேண்டியவரிடம் சொல்ல வேண்டும். உயிரை விடுவது பற்றிய பேச்சு என்றால் அன்றைக்கே. சத்தம் போடுகிற, மேஜையை உதைக்கிற பிள்ளையை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். வீட்டுப்பாடத்தை ஒழுங்காக முடித்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் கரைந்துகொண்டிருக்கும் பிள்ளையைப் பற்றித்தான் எனக்கு எப்போதும் அதிக பயம்.

கையைக் கீறிக்கொண்ட அந்த மாணவி விஷயத்துக்கு வருகிறேன். எல்லோர் வாயிலும் வருகிற "கவனத்தை இழுக்கத்தான் செய்திருப்பாள்" என்ற பேச்சை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். இப்படிச் செய்கிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அதை முழுக்கைச் சட்டைக்குள் மறைக்கவே பார்க்கிறார்கள். தாங்க முடியாத மன வேதனையைச் சில நிமிடங்களாவது தணிக்கச் செய்வதாகத்தான் என்னிடம் அநேகமாக எல்லோருமே சொல்லியிருக்கிறார்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் இருப்பதில்லை. ஆனால் பிற்பாடு அந்த ஆபத்து கூடுகிறது என்பதால் ஒருபோதும் அலட்சியமாக இருக்கக் கூடாது. வகுப்பில் எல்லோர் கையையும் நீட்டச் சொல்லிச் சோதிப்பது, பைகளைக் கொட்டிப் பார்ப்பது, அசெம்பிளியில் புத்திமதி சொல்வது, இவை எதுவும் வேண்டாம். அவளுடைய நெருங்கிய தோழிகள் மூன்று நான்கு பேரைத் தனியே கூப்பிட்டு, அவர்கள் பயத்தைப் பேசவிடுங்கள். "எங்களாலதான் இப்படி ஆச்சா" என்று அவர்களில் ஒருத்தியாவது தூங்காமல் இருப்பாள்.

சாவதைப் பற்றி நேரடியாகக் கேட்கலாமா, கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமா என்று எல்லாப் பெற்றோரும் பயப்படுகிறார்கள். கேட்கலாம். கேட்பதால் எண்ணம் வருவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. "இதெல்லாம் தாங்க முடியாம, உயிரோட இருக்க வேண்டாம்னு தோணியிருக்கா?" என்று சுற்றி வளைக்காமல் கேளுங்கள். கேட்டபிறகு அமைதியாக இருங்கள். ஆமாம் என்று பதில் வந்தால் அழுது கூப்பாடு போடாமல், "சொன்னதுக்கு ரொம்ப நல்லதுப்பா, நான் கூடவே இருக்கேன்" என்று சொல்லி, தனியாக விடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், அல்லது நெருக்கடிகால உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வீட்டில் உள்ள மாத்திரைகளையும் விஷப் பொருட்களையும் பூட்டி வையுங்கள். அந்த உந்துதல் பல சமயம் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தணிந்துவிடக் கூடியது. அந்த நேரத்தில் எதுவும் கைக்கு எட்டாமல் இருப்பது உயிரைக் காப்பாற்றும்.

குடும்பத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். மனநலத் துறை நெடுங்காலம் குடும்பத்தைக் குற்றவாளியாகவே பார்த்தது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்த டாக்டர் வித்யாசாகர் அதை மாற்றிப் பார்த்தார். நோயாளிகளின் உறவினர்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். நோயைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கவனிப்பில் பங்கெடுக்க வைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையில் இருந்து தேறி வீட்டுக்குப் போனவர்களில் யாருக்கு நோய் திரும்புகிறது என்று தேட ஆரம்பித்தார். ஓயாத குறைகூறலும், வெறுப்பும், மூச்சுமுட்டுகிற அளவுக்கு மீறிய தலையீடும் உள்ள வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது. இதைக் கேட்டதும் "அப்படியானால் நாங்கள்தான் காரணமா" என்று பெற்றோர் உடைந்துபோவார்கள். நோய்க்கு நீங்கள் காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. வீட்டின் குரல் மாறினால் தேறுவது எளிதாகிறது என்கிறது. குடும்பத்தோடு உட்கார்ந்து நோயைப் பற்றிப் பேசி, குறைகூறலைக் குறைக்கப் பழக்கினால் நோய் திரும்புவது குறைகிறது என்பது பின்னால் பல நாடுகளில் உறுதியானது.

அன்றாடத்தில் இது எப்படி இருக்கும்? "எப்பப் பாரு படுத்தே கிடக்கே" என்பதற்குப் பதிலாக "இன்னிக்கு ரொம்ப முடியலையா?" என்று ஒரு கேள்வி. அறிவுரை சொல்லத் தோன்றும் முதல் பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு கேட்பது. மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடாமல் இருப்பது. விடலைப் பருவத்தில் எட்டு முதல் பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும். அதில் கைவைக்கும் டியூஷனைக் குறைப்பது. இவை சின்னவையாகத் தெரியும். நான் பார்த்த பல வீடுகளில் முதல் மாற்றம் இங்கிருந்துதான் வந்தது.

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மனநோய் இருக்கும் வீடுகளில் உள்ள பிள்ளைகளை யாருமே நினைத்துப் பார்ப்பதில்லை. அவர்களிடம் எதுவும் சொல்லாமல் மறைப்பதுதான் பாதுகாப்பு என்று குடும்பம் நினைக்கிறது. பிள்ளை தானாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது, பெரும்பாலும் அந்தக் காரணம் தானேதான் என்று. அமெரிக்காவில் வில்லியம் பியர்ட்ஸ்லீ இப்படிப்பட்ட குடும்பங்களோடு உட்கார்ந்து, நோயைப் பற்றிப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேச உதவும் முறையை உருவாக்கினார். பின்லாந்தில் அது பரவலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. என் அனுபவத்தில் பிள்ளைக்குத் தெரிய வேண்டியவை கொஞ்சம்தான்: அப்பாவுக்கு இருப்பது ஒரு நோய், அது உன்னால் வரவில்லை, அதைக் குணப்படுத்துவதும் உன் பொறுப்பில்லை, அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, உன்னைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் இருக்கிறது. இதைக் கேட்டதும் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று பெருமூச்சு விட்டதை இப்போதும் என்னால் கேட்க முடிகிறது.

பள்ளியும் வீடும் பேசிக்கொள்ளும் முறையிலும் மாற்றம் வேண்டும். பள்ளியில் இருந்து போன் வந்தாலே புகார்தான் என்று பெற்றோர் பழகிவிட்டார்கள். வருடத் தொடக்கத்தில் வகுப்பாசிரியர் ஒருமுறை, பிள்ளையைப் பற்றிய ஒரு நல்ல விஷயத்தைச் சொல்ல மட்டும் போன் செய்யட்டும். பின்னால் கடினமான ஒன்றைப் பேச வேண்டி வந்தால், அந்த முதல் அழைப்பு இருவருக்கும் கைகொடுக்கும்.

பள்ளிக்கும் வீட்டுக்கும் வெளியே இருக்கும் மனிதர்களை விட்டுவிடாதீர்கள். ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, தன்னிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருவரைத் தற்கொலைக்கு இழந்தார். மருத்துவமனைக்கு வரப் பஸ் காசு இல்லாததால்தான் அவள் வரவில்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு, 2006-இல், 14 பாட்டிகளோடு ஒரு வேலையைத் தொடங்கினார். சுகாதார நிலையத்துக்குள் இடம் இல்லை; வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்ச். 'நட்பு பெஞ்ச்' என்று பெயர். அங்கே உட்கார்ந்து பாட்டிகள் கேட்பார்கள். மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லுக்குப் பதிலாக, 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்று பொருள்படும் ஷோனா மொழிச் சொல்லையே பயன்படுத்தினார்கள். பிரச்சினைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு சின்ன அடி எடுத்து வைக்க உதவுவார்கள். 573 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவுகள் 2016-இல் வந்தன. வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிடப் பாட்டிகளிடம் பேசியவர்களின் அறிகுறிகள் ஆறு மாதம் கழித்துத் தெளிவாகக் குறைந்திருந்தன.

யார் வேண்டுமானாலும் கவுன்சலிங் செய்துவிடலாம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பாட்டிகளுக்கு முறையான பயிற்சி இருந்தது, மேற்பார்வை இருந்தது, கைமீறும்போது மேலே அனுப்ப மருத்துவர்கள் இருந்தார்கள். இந்த மூன்றும் இல்லாமல் நல்ல மனதை மட்டும் நம்பி இறங்கிய தன்னார்வலர்கள் ஓரிரு மாதத்திலேயே தாங்களும் உடைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் சங்கம் ஏதாவது தொடங்க நினைத்தால் டியூஷன் ஆசிரியர்கள், விளையாட்டுப் பயிற்சியாளர்கள், வேன் டிரைவர்கள் என்று பிள்ளைகளோடு பழகும் ஒரு பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பேரிடர் நேரங்களில் உதவுகிறவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் உள்ள மூன்று படிகள் இவர்களுக்கும் பொருந்தும்: கவனி, காதுகொடு, உதவியோடு இணைத்துவிடு. அந்த ஒரு பக்கக் காகிதம் அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் இருக்கட்டும்.

இப்போது உங்கள் அக்கா மகள். பள்ளிக்குப் போக மறுப்பதை அடம் என்று நினைக்காதீர்கள். காலையில் வயிற்றுவலி, தலைவலி. பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. விடுமுறை நாளில் ஒன்றும் இல்லை என்றால், அநேகமாகப் பின்னால் பயம் இருக்கிறது. வலியும் நிஜம்தான், நடிப்பு இல்லை. ஒருமுறை மருத்துவரிடம் உடம்பைப் பரிசோதித்துவிடுங்கள். பிறகு காரணத்தைத் தேடுங்கள்: கேலி, குறிப்பிட்ட ஒரு ஆசிரியர், படிப்பில் இத்தனை நாள் மறைத்துவைத்த சிரமம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாததால் விட்டுப்போகப் பயம். சோர்வும் தூக்கமின்மையும் சேர்ந்திருந்தால், அல்லது உயிரை விடுவது பற்றி ஒரு வார்த்தை பேசியிருந்தாலும், இதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மனநல மருத்துவரிடம் போங்கள்.

அப்படி இல்லையென்றால் நாளைக் கடத்தாதீர்கள். தவிர்க்கத் தவிர்க்கப் பயம் வளரும். மூன்று வாரம் மூன்று மாதம் ஆவது கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். நீண்ட விடுப்புக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்குவது அந்த நேரத்துக்கு நிம்மதி தரும், திரும்பிப் போவதைக் கடினமாக்கும். காலையில் வாசலில் நின்று வாதாட வேண்டாம். பேச வேண்டியதை முந்தின நாள் மாலையே பேசி முடியுங்கள். பள்ளி நேரத்தில் வீட்டில் போனும் டிவியும் இல்லாமல், எழுவதும் படிப்பதும் பள்ளி நாள் போலவே நடக்கட்டும். திட்டாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல். திரும்பிப் போவது படிப்படியாக இருக்கட்டும்: முதலில் கேட் வரை, பிறகு நூலகத்தில் ஒரு மணி நேரம், பிறகு அவளுக்குப் பிடித்த ஒரு பீரியட் மட்டும்.

அக்காவிடம் இன்றைக்கே ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: பள்ளியில் அவளுக்குப் பயமில்லாத ஒரு பெரியவர் யார்? நூலகராக இருக்கலாம், ஆபீசில் இருக்கும் அக்காவாக இருக்கலாம். பெயர் கிடைத்ததும் அவருக்குப் போன் செய்து, திங்கட்கிழமை மாலை பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு கேட்டுக்கு வர முடியுமா என்று கேளுங்கள். அன்றைக்கு யூனிஃபார்ம் வேண்டாம், பை வேண்டாம், உள்ளேயும் போக வேண்டாம். கேட்டில் நின்று பத்து நிமிடம் அவரோடு பேசிவிட்டு அவள் வீட்டுக்குத் திரும்பி வரட்டும்.